பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு வெள்ளைப் பட்டை டயர்: தேனி, கம்பம் பள்ளத்தாக்குச் சாலைகளை முன்வைத்து

வெள்ளைப் பட்டை டயர் என்பது பக்கச் சுவரில் வெண்மையான வளையம் கொண்ட கார் டயர் ஆகும். பழைய தமிழ்த் திரைப்படங்களில் கதாநாயகன் ஓட்டி வரும் வெளிநாட்டுக் கார்களில் இதைக் காணலாம். பழைய கார்களைப் புதுப்பிப்போர் பலரும் இந்த வளையத்தை விரும்புகின்றனர். கண்காட்சியில் நிற்கும் காருக்கு இது அலங்காரம் மட்டுமே. ஆனால் தேனியிலிருந்து குமுளிக்கோ போடிமெட்டுக்கோ மலையேறும் காருக்கு இது பாதுகாப்புச் சிக்கலும் ஆகும். டயரின் வெடிப்பு, வீக்கம், வெட்டுக்காயம் ஆகியவை முதலில் தெரிவது பக்கச் சுவரில்தான். தனியாகப் பொருத்தும் வெள்ளை வளையம் அதே இடத்தை மூடிவிடுகிறது. எனவே முதலில் டயரையும் பிறகு வளையத்தையும் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை.

தோற்றமும் வரலாறும்

ரப்பர் பாலின் நிறம் வெள்ளை. கம்பத்திலிருந்து குமுளி வழியாகக் கோட்டயம் செல்லும் நெடுஞ்சாலையில் மலையைத் தாண்டியதும் தொடங்கும் ரப்பர் தோட்டங்களில் இதை நேரில் காணலாம். தொடக்ககால டயர்களில் துத்தநாக ஆக்சைடு சேர்க்கப்பட்டதால் அவை முழுவதும் வெளிறிய நிறத்தில் இருந்தன. 1910-களில் கரித்தூள் சேர்க்கும் முறை பரவியது. கரித்தூள் ரப்பரின் தேய்மானத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டியது. முதலில் தரையில் படும் பகுதியில் மட்டும் அது சேர்க்கப்பட்டதால் ஓடுபரப்பு கறுப்பாகவும் பக்கச் சுவர் வெள்ளையாகவும் அமைந்தன. முழுக் கறுப்பு டயர் வழக்கமான பின்னர், வெள்ளைச் சுவர் ஆடம்பரத்தின் அடையாளமாக மாறியது.

1930-கள் முதல் 1950-கள் வரை அகலமான பட்டைகள் அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்தன. 1962 அளவில் அவை சுமார் 1 அங்குலப் பட்டையாகச் சுருங்கின. ஆகவே பட்டையின் அகலத்தைக் காரின் ஆண்டே முடிவு செய்ய வேண்டும். 1960-களின் சிறிய காருக்கு 3 அங்குலப் பட்டை போட்டால் அது காலத்துக்கும் பொருந்தாது, சக்கரத்தின் அளவுக்கும் பொருந்தாது. பிரிட்டன் ஸ்போர்ட்ஸ் கார்களில் பல, கறுப்பு டயருடனேயே ஓடின என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கறுப்பு டயர் போடுவதால் பழமை கெட்டுவிடாது.

மூன்று வகைகள்

உள்ளிணைந்த பட்டை: டயர் தயாரிக்கும்போதே வெள்ளை ரப்பர் அடுக்கு உள்ளே வைத்து வேகவைக்கப்படுகிறது. இது டயரோடு சேர்ந்தே வளையும், பிரிந்து வராது. கறுப்பு ரப்பரில் உள்ள பாதுகாப்பு வேதிப்பொருள்கள் மெல்ல ஊடுருவி வெள்ளையைப் பழுப்பாக்கும் தன்மை கொண்டவை. அதைத் தடுக்க இடையில் ஒரு தடுப்பு அடுக்கும் இடப்படுகிறது. மூன்று வகைகளில் இதுவே நம்பகமானது, விலையும் இதற்கே அதிகம்.

தனி வளையம்: இது மெல்லிய வெள்ளை ரப்பர் தட்டு. இதன் உள்விளிம்பு டயருக்கும் ரிம்முக்கும் இடையே அழுத்திப் பிடிக்கப்படும். வெளிவிளிம்பு பக்கச் சுவரின்மேல் சும்மா படிந்திருக்கும். விலை குறைவு என்பதால் பலரும் இதை நாடுகின்றனர். வேகம் கூடும்போது வெளிவிளிம்பு எழும்பிப் படபடக்கலாம். இடையில் புகும் மணல், உப்புத்தாள் போலப் பக்கச் சுவரைத் தேய்க்கும். டியூப் இல்லாத டயரில் காற்றை அடைத்து நிற்பது டயர் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையிலான பிடிப்புதான். அங்கே வளையத்தைச் செருகினால் காற்று கசிய வாய்ப்பு உண்டு. எனவே இது டியூப் உள்ள டயருக்கு மட்டுமே ஏற்றது.

பூச்சு: ரப்பருக்கென விற்கும் நெகிழும் வண்ணத்தைப் பூசுதல். இது எளிதானது. ஆனால் சுவர் வளைய வளைய நுண்வெடிப்பு விட்டு உரியும். சாதாரண எனாமல் பெயிண்ட் இன்னும் விரைவில் உதிரும். அதில் உள்ள கரைப்பான் ரப்பருக்கும் நல்லதல்ல.

நைலான் டயரும் ரேடியலும்

நம் ஊர்க் கடைகளில் 'நைலான் டயர்' எனப்படுவது குறுக்கு இழை டயர். அதன் பக்கச் சுவர் விறைப்பானது. ரேடியல் டயரின் சுவர் மென்மையானது, சுமை ஏறும்போது கீழ்ப்பகுதி நன்றாகப் பிதுங்கும். ஒவ்வொரு சுற்றிலும் இப்படிப் பிதுங்கி மீளும் சுவரின்மேல் தனி வளையம் ஓயாமல் உரசும். ரேடியலில் தனி வளையத்தைத் தவிர்க்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

முன்னால் ரேடியலும் பின்னால் நைலானும் போடுவது ஆபத்தானது. திருப்பத்தில் முன்சக்கரம் சாலையைப் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வழுக்கிச் செல்லும். நான்கு டயரும் ஒரே வகையாக இருப்பதே நல்லது.

சென்னையில் பிறந்த ஓர் எடுத்துக்காட்டு

சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காரைத் தயாரித்தது. இது பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு காரின் இந்திய வடிவம். உடலமைப்பை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. ஹெரால்டு ஒரு குடும்பக் கார்தான். ஆனால் 1962-இல் பிரிட்டனில் வந்த 'டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்' ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சட்டகத்தைச் சுருக்கியே உருவாக்கப்பட்டது. எனவே சக்கரம் பற்றிய பாடங்கள் இரண்டுக்கும் பொதுவானவை.

டிரையம்ப் ஹெரால்டின் மூல டயர் அளவு 5.20-13. இன்று கடையில் கிடைக்கும் 155/80 ஆர் 13 அளவு, விட்டத்தில் இதற்கு மிக நெருக்கமானது. ஆனால் அதற்குக் குறைந்தது 4 அங்குல அகல ரிம் தேவை. தொடக்ககால ஹெரால்டின் ரிம்மோ 3.5 அங்குலம். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பக்கச் சுவர் உப்பி, திருப்பத்தில் நெளியும். விட்டம் பொருந்தியதாலேயே டயர் பொருந்திவிட்டதாகக் கொள்ளக் கூடாது.

இந்தக் கார்களின் பின் அச்சு ஊஞ்சல் போல் தனித்தனியே ஆடும் அமைப்பு கொண்டது. வேகமாகத் திரும்பும்போது பின்சக்கரம் சாய்ந்து உள்மடங்கக் கூடும். அப்போது பக்கச் சுவரின்மேல் விழும் சுமை மிகுதி.

கம்பம் பள்ளத்தாக்கின் சாலைகள்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர்கிறது. லோயர் கேம்பிலிருந்து குமுளி செல்லும் மலைச்சாலையும் வளைவுகள் நிறைந்தது. ஏறும்போது வேகம் குறைவு, ஆனால் ஒவ்வொரு வளைவிலும் சுவர் நெளிகிறது. இறங்கும்போது பிரேக் சூடு ரிம்முக்கும் டயர் விளிம்புக்கும் பரவுகிறது. தனி வளையம் பிடிபட்டிருப்பது சரியாக அந்த விளிம்பில்தான்.

சமவெளியில் சிக்கல் வேறு. தோட்டங்களுக்குச் செல்லும் மண்பாதையின் செம்மண் வெள்ளையில் கறையாகப் படியும். சாலையோரச் சீமைக்கருவேல முள் சுவரைக் குத்தலாம். தனி வளையம் போட்டிருந்தால் அந்தக் காயம் கண்ணில் படாது. நிறுத்தியே வைக்கும் காரின் டயர் வெயிலாலும் ஓசோனாலும் வெடிக்கும். ஓடுபரப்பில் பட்டன் நிறைய இருக்கிறது என்பது டயர் நல்லது என்பதற்குச் சான்றாகாது.

தேர்ந்தெடுக்கும் வரிசை

1. ரிம்மின் அகலத்தையும் மூல டயர் அளவையும் கையேட்டில் பார்த்து உறுதி செய்க.

2. தயாரிப்புத் தேதியைப் படிக்க. 2000-க்குப் பின் வந்த டயர்களில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம்.

3. ஓடுபரப்பின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் காருக்கு அந்த டயர் சட்டப்படி உதவாது.

4. மலையேறும் கார் என்றால் உள்ளிணைந்த பட்டை அல்லது கறுப்பு டயர். டியூப் உள்ள நைலான் டயரில், ஊருக்குள் மெதுவாக ஓடும் காருக்கு மட்டும் தனி வளையம்.

5. தனி வளையம் போட்டால் அதைக் கழற்றிச் சுவரைப் பார்க்கும் வழக்கம் வேண்டும். மலைப்பயணத்துக்கு முன் இது கட்டாயம்.

வெளிநாட்டு டயர் வாங்க நினைப்போர் முதலில் விதிகளை விசாரிக்க வேண்டும். 2020 ஜூனில் மத்திய அரசு புதிய கார் டயர் இறக்குமதியை உரிமம் தேவைப்படும் வகையில் சேர்த்தது.

பதிவு விதிகள்

2021-இல் அறிவிக்கப்பட்ட மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சட்டகம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத சொந்த வாகனம் 'விண்டேஜ்' பதிவு பெறலாம். அதன் எண்ணில் 'விஏ' எழுத்துகள் இடம்பெறும். இப்பதிவு பெற்ற காரைப் பேரணி, கண்காட்சி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு ஓட்டலாம், அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட முடியாது.

பராமரிப்பு

புதிய வெள்ளைப் பட்டையின்மேல் நீலநிறப் பாதுகாப்புப் பூச்சு இருப்பது வழக்கம். சோப்புநீரும் மென்மையான பிரஷும் கொண்டு அதைக் கழுவ வேண்டும். செம்மண் கறைக்கும் அதுவே போதும். பிளீச்சிங் பவுடர், பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகியவை ரப்பரைக் கெடுக்கும். கழுவும் நேரமே சுவரை விரலால் தடவி வெடிப்பு, வீக்கம், முள் உள்ளனவா எனப் பார்க்க ஏற்ற நேரம். உள்ளிணைந்த வெள்ளைப் பட்டையில் சிறு வெடிப்பும் கறுப்புக் கோடாகத் தெரியும். அப்படி ஒரு கோடு தென்பட்டால், வெள்ளை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அந்த டயரை மலைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.