மானிட்டருக்கு ஒரு வெள்ளைப் பேப்பர் போதும்!

தி.நகர்ல பட்டுப்புடவை எடுக்கிற அம்மாக்களைக் கவனிச்சிருக்கீங்களா பாஸ்? கடைக்குள்ள அத்தனை லைட் எரிஞ்சாலும், 'கொஞ்சம் வாசலுக்குக் கொண்டு வாங்க, வெளிச்சத்துல பார்க்கணும்'னு கிளம்பிடுவாங்க. அரக்கா, மெரூனா? அங்கேதான் தீர்ப்பு!

அந்தப் பகல் வெளிச்சத்துக்கு டெக்னிக்கல் உலகத்துல ஒரு பேர் உண்டு: டி65. சுமார் 6,500 கெல்வின். 1996-ல் ஹெச்.பி.யும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து முன்வைத்த எஸ்.ஆர்.ஜி.பி. கலர் முறையில் 'வெள்ளை'ன்னா இதுதான். ஆனா, பல மானிட்டர்கள் ஷோரூம்ல பளிச்னு தெரியணும்னே பிரைட்னஸ் எகிறி, நீலம் தூக்கலா வருது.

அதனால என்ன? ஸ்கிரீன் ஓவர் பிரைட்டா இருந்தா, படத்தை நீங்க டார்க் ஆக்கிடுவீங்க. நீலம் தூக்கலா இருந்தா, மஞ்சளைக் கூட்டிடுவீங்க. கல்ச்சுரல்ஸ் போஸ்டர் பிரின்ட் ஆகி வரும்போது சீஃப் கெஸ்ட் முகம் இருட்டா, மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கும். ஸ்பான்ஸர் காசு அம்பேல்!

கலரை அளக்குற கருவி பல ஆயிரம் ரூபாய். அது இல்லாமலே வீட்ல செய்ய வேண்டியது இதோ...

1. முதல்ல செட்டில் பண்ணுங்க: மானிட்டரை அரை மணி நேரம் ஓட விடுங்க. நைட் லைட், ஆட்டோ பிரைட்னஸ், டைனமிக் கான்ட்ராஸ்ட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. ஜன்னல் வெயில் ஸ்கிரீன்ல நேரா விழக் கூடாது. லேப்டாப்னா நேருக்கு நேர் உட்காருங்க. சில ஸ்கிரீன்கள் கொஞ்சம் சாய்ச்சாலே கலரை மாத்திடும்.

2. வெள்ளை: மானிட்டர் மெனுவுல 6500கே அல்லது எஸ்.ஆர்.ஜி.பி. தேர்ந்தெடுங்க. காலை வெளிச்சத்துல, ஸ்கிரீன் பக்கத்துல ஒரு வெள்ளைப் பேப்பரைப் பிடிங்க. ஸ்கிரீன் பல்பு மாதிரி எரிஞ்சா பிரைட்னஸைக் குறைங்க. அழுக்குச் சாம்பலா தெரிஞ்சா கூட்டுங்க. ஜெராக்ஸ் பேப்பர்ல வெண்மைக்காகக் கெமிக்கல் சேர்ப்பாங்க, லேசா நீலம் அடிக்கும். அதனால ரெண்டு மூணு வகைப் பேப்பரைப் பாருங்க.

3. கறுப்பு: பெயின்ட்ல முழுக் கறுப்புல 5, 10, 15, 20-ன்னு ஆர்.ஜி.பி. மதிப்புள்ள கட்டங்கள் போடுங்க. 15-ம் 20-ம்கூட கறுப்போட கரைஞ்சா நிழல் விவரமெல்லாம் போச்சு. ஹெச்.டி.எம்.ஐ. கேபிள்னா ரேஞ்ச் 'ஃபுல்'லான்னு பாருங்க. அதே மாதிரி 255 வெள்ளையில 245 கட்டம் தெரியலைன்னா கான்ட்ராஸ்ட்டைக் குறைங்க.

4. காமா: ஒரு பிக்ஸல் கறுப்பு, ஒரு பிக்ஸல் வெள்ளைன்னு மாறி மாறிப் படுக்கைக் கோடுகள். நடுவுல 186 மதிப்புள்ள சாம்பல் கட்டம். ஸ்கிரீன் அதோட ஒரிஜினல் ரெசல்யூஷன்ல, படம் 100 சதவிகித ஸூம்ல இருக்கணும். கண்ணைச் சுருக்கி தள்ளி நின்னு பாருங்க. கோடுகள் தர்றது சரிபாதி வெளிச்சம். காமா 2.2-ஆ இருந்தா கட்டம் கோடுகளோட கலந்து மறைஞ்சிடும். இல்லையா? விண்டோஸ்ல 'டிசிசிடபிள்யூ'ன்னு ஆங்கில எழுத்துல (நடுவுல இடைவெளி இல்லாம) டைப் பண்ணுங்க. விண்டோஸ் 7-லேர்ந்து இருக்கிற கேலிபரேஷன் டூல் திறக்கும். ஸ்லைடரை நகர்த்திச் சரி பண்ணலாம்.

இவ்வளவு செஞ்சாலும் எல்லாக் கலரும் சிக்காது. மயில்கழுத்துப் பட்டுல பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். கோணம் மாறினா நிறமும் மாறும். மானிட்டர்ல அது வராது. பளீர் பச்சை, மின்னல் நீலமெல்லாம் நாலு மை பிரின்ட்டிங்ல மங்கிடும். அதனால, ஐந்நூறு காப்பிக்கு ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சாம்பிள் பிரின்ட் எடுங்க. அதையும் பகல் வெளிச்சத்துல பாருங்க.

ஹாஸ்டல்ல ஃப்ரெண்ட்ஸோட லேப்டாப்புக்கும் இதே டெஸ்ட் வெச்சிடுங்க. அப்பதான் டிசைன் டீம்ல 'இது மாம்பழ மஞ்சளா, எலுமிச்சை மஞ்சளா'ன்னு நடுராத்திரி சண்டை வராது!