கிதார் வித்துவானும் பக்கவாத்தியக்காரர்களும்

மேடையில் ஒருவர் ஓடியும் துள்ளியும் வாசிக்கிறார். பின்னே இருவரோ மூவரோ நின்று துணை செய்கிறார்கள். கைதட்டல் எல்லாம் முன்னால் நிற்பவருக்கே. பின்னால் நிற்பவர்கள் யார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். ஆனால் தேர்ந்த ரசிகர்கள் அப்படியல்லர். தலைவரின் பெருமையில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. பக்கவாத்தியக்காரர்களைப் பற்றித்தான் ஓயாமல் வாதாடுவார்கள். அயர்லாந்து நாட்டுக் கிதார் வித்துவான் ரோரி கலஹர் 1995-இல் காலமானார். அவருக்குத் துணை நின்றவர்களைப் பற்றிய வாதம் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. மாணவ நண்பர்களே, அந்த வாதத்தைத்தான் உங்களிடம் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

கலஹர் 1948-ஆம் ஆண்டு பாலிஷானன் என்ற சிற்றூரில் பிறந்து, கார்க் நகரில் வளர்ந்தவர். 1963-இல் ஏறக்குறைய 100 பவுன் விலையுள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் மின்சார கிதாரைக் கடனாக வாங்கினார். வாழ்நாள் முழுவதும் அதுவே அவருடைய முதன்மையான வாத்தியம். வர்ணம் உதிர்ந்து மரம் வெளியே தெரியும் அளவுக்கு அது தேய்ந்துபோயிற்று. அவருடைய வியர்வை அரித்ததே காரணம் என்பார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ப்ளூஸ் இசையே அவருக்கு அடிப்படை. இன்ன பாட்டுக்குப் பின் இன்ன பாட்டு என்று முன்கூட்டி வகுத்துக்கொண்டு மேடையேறுவதில் அவருக்கு விருப்பமில்லை. ஆகவே உடன் வாசிப்பவர்கள் அவர் முகத்தையும் கையையும் பார்த்தே குறிப்பறிய வேண்டும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால், ரசிகர்கள் ஏன் இத்தனை கட்சிகளாகப் பிரிந்தார்கள் என்பது விளங்கும்.

முதல் கட்சியார், 1970-இல் கலைந்துபோன ‘டேஸ்ட்’ என்ற குழுவையே உயர்வாகச் சொல்வார்கள். அதில் ரிச்சர்ட் மக்கிராக்கன் பேஸ் கிதாரும் ஜான் வில்சன் டிரம்ஸும் வாசித்தார்கள். அவர்கள் துணைவர்கள் அல்லர், சமமானவர்கள் என்பது இக்கட்சியின் வாதம். அது உண்மையே, நீடிக்காமற் போனதற்கும் அதுவே ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

1971-இல் கலஹர் தம் பெயரிலேயே தொடங்கிய குழுவில் ஜெரி மெக்கவாய் பேஸ் கிதாருக்கும், வில்கர் காம்பெல் டிரம்ஸுக்கும் அமைந்தார்கள். மூவர் மட்டும் வாசிப்பதில் ஓர் அபாயம் உண்டு. கிதார் தனி ஆலாபனையில் இறங்கியதும் அடியில் ஒரு வெற்றிடம் விழுகிறது. அதை மற்ற இருவரும் நிரப்பியாக வேண்டும். அந்த அபாயத்தில்தான் உயிர் இருக்கிறது என்று சொல்லும் ரசிகர்கள் இன்றும் உண்டு. கயிற்றின்மேல் நடப்பவனைப் பார்க்கும் இன்பம் போலும்!

நான் சார்ந்திருப்பது மூன்றாவது கட்சி. 1972-க்குப் பின் ராட் டியாத் டிரம்ஸுக்கும், லூ மார்ட்டின் பியானோ முதலிய விசைப்பலகை வாத்தியங்களுக்கும் வந்து சேர்ந்தார்கள். நால்வரான இக்குழு 1978 வரை நிலைத்தது. ஸ்வரக்கூட்டைத் தாங்கிப் பிடிக்கப் பியானோ இருப்பதால் கிதார் சற்று மௌனம் சாதிக்கவும் முடிந்தது. அதிவேகமாக வாசிப்பவருக்கு மௌனம் பெரிய செல்வம். கேள்வி கேட்டால் பதில் சொல்லவும் மேடையில் ஓர் ஆள் கிடைத்தார். “கிதாரின் முழக்கத்தில் பியானோ எங்கே கேட்கிறது?” என்று எதிர்க்கட்சியார் கேட்பார்கள். சில இடங்களில் அது மெய்தான்.

இக்குழுவின்மேல் ரசிகர்கள் வைத்திருக்கும் பற்றுக்கு இசையைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. அந்நாளில் பெல்பாஸ்ட் நகரம் குண்டுவெடிப்புக்களால் நடுங்கிக்கொண்டிருந்தது. வெளியூர்க் கலைஞர்கள் பலர் அங்கே வர அஞ்சினார்கள். கலஹர் மட்டும் தவறாமல் வந்தார். 1974 ஜனவரியில் அந்நகரின் அல்ஸ்டர் மண்டபத்தில் வாசித்தார். தெருவில் ஒருவரையொருவர் நம்பாத கத்தோலிக்க இளைஞரும் புராட்டஸ்டண்ட் இளைஞரும் அம்மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கேட்டார்கள். மெக்கவாயும் மார்ட்டினும் பெல்பாஸ்டில் பிறந்தவர்கள். கலஹரோ எல்லைக்குத் தெற்கே கார்க்கில் வளர்ந்தவர். அந்தப் பயணத்தில் பெல்பாஸ்ட், டப்ளின், கார்க் நகரங்களில் வாசித்தவை ‘ஐரிஷ் டூர் 74’ என்ற இசைத்தட்டாக வெளிவந்தன. டோனி பாமர் அப்பயணத்தைத் திரைப்படமாகவும் எடுத்தார்.

1978-இல் வந்த டெட் மெக்கென்னாவின் டிரம்ஸில் பலம் அதிகம். கனத்த ஓசையை விரும்புவோர் அவரை மெச்சுவார்கள். டியாத்தின் கட்டுக்கடங்காத தாளத்தில் பழகியவர்களுக்கு அந்த ஒழுங்கு சற்று இறுக்கமாகப் பட்டது. 1981-இல் வந்த பிரெண்டன் ஓ நீலுக்குப் பத்தாண்டுகள் வாசித்தும் உரிய புகழ் கிட்டவில்லை. மார்க் பெல்தமின் மவுத் ஆர்கன் பின்னாளில் சேர்ந்த ஓர் அழகு.

இத்தனை கட்சியினரும் டிரம்ஸ்காரர்களைப் பற்றியே பேசுகிறார்கள். 1971 முதல் 1991 வரை, இருபது ஆண்டுகள், மாறாமல் நின்ற மெக்கவாயைப் பற்றி வாதமே எழுவதில்லை. அஸ்திவாரத்தை யார் பார்க்கிறார்கள்? 1972-இல் வெளிவந்த ‘லைவ் இன் யூரோப்’, 1974-இன் ‘ஐரிஷ் டூர் 74’, 1980-இன் ‘ஸ்டேஜ் ஸ்ட்ரக்’ ஆகிய மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள். முதல்முறை கிதாரைத் தொடருங்கள். மறுமுறை பேஸ் கிதார் ஒன்றை மட்டும் செவியில் பிடித்துக்கொண்டு, டிரம்ஸ்காரர் மாறும்போதெல்லாம் மெக்கவாய் தம் வாசிப்பை எப்படி மாற்றிக்கொள்கிறார் என்று கவனியுங்கள். பிறகு நீங்கள் எந்தக் கட்சியில் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம்.