இரத்த அழுத்தமும் உடலின் காவலும்



காலைச் சபைகூடலில் நெடுநேரம் வெயிலில் நிற்கும் மாணவருள் ஒருவர் சில வேளைகளில் மயங்கி விழுவதுண்டு. அவர் ஏன் விழுந்தார் என்று வினவுகிறோம். மற்றையோர் எவ்வாறு விழாமல் நிற்கின்றனர் என்பதன்றோ வியப்பு!

வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு. இருதயம் அதனை உந்தித் தள்ளும்போது இரத்தக் குழாய்களின் சுவர்மீது ஏற்படும் அழுத்தமே இரத்த அழுத்தமாகும். மருத்துவர் 120/80 என்று குறிப்பதில் முதல் எண் இருதயம் சுருங்கும்போதும், அடுத்த எண் அது விரியும்போதும் உள்ள அழுத்தமாகும்.

நாம் எழுந்து நின்றதும் ஏறக்குறைய அரை லிட்டர் இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்திலும் நெஞ்சிலும் உள்ள பெருங்குழாய்களின் உணர்நரம்புகள் அழுத்தம் குறைந்ததை மூளையின் முகுளத்திற்கு அறிவிக்கின்றன. உடனே இருதயம் விரைந்து துடிக்கிறது, குழாய்கள் சுருங்குகின்றன. யாவும் சில நொடிகளில் நிகழ்கின்றன. ஆனால், வெயிலில் அசையாது நின்றால் இரத்தம் கால்களில் தேங்கும். வியர்வையால் நீரும் குறையும். மூளைக்கு இரத்தம் போதாமையால் மயக்கம் வருகிறது. மயங்கியவரைத் தூக்கி நிறுத்தலாகாது. நிழலில் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துதல் வேண்டும்.

உடலில் நீரே குறையுமாயின் சிறுநீரகங்கள் துணைக்கு வருகின்றன. அவை நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டரளவே சிறுநீராக வெளியேற்றி, எஞ்சியதை இரத்தத்திற்கே திருப்புகின்றன. அழுத்தம் குறைந்தால் ரெனின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. 1898-இல் சுவீடன் நாட்டில் டைகர்ஸ்டெட், பெர்க்மன் ஆகியோர் இதனைக் கண்டறிந்தனர். இதன் விளைவாகக் குழாய்கள் சுருங்கும். உப்பு உடலில் தங்கும். உப்புத் தங்கினால் நீரும் தங்கும். தாகமும் எழும். மாறாக, இரத்தத்தின் அளவு மிகுந்தால் இருதயமே ஒரு ஹார்மோனைச் சுரந்து, உப்பும் நீரும் வெளியேறச் செய்கிறது.

இத்தகைய காவலையும் நாம் தளர்த்திவிட முடியும். நாள்தோறும் மிகுதியாக உப்பு உண்போர்க்கு அழுத்தம் உயர்ந்தே நிலைத்துவிடக்கூடும். இந்நோய் பெரும்பாலும் வலியின்றி வந்து, பக்கவாதத்திற்கும் இருதய நோய்க்கும் வழிவகுக்கும். பெரியவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அஃது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவே.

ஆகவே மாணவர்களே! தாகத்தை அடக்காதீர்கள். கருவாடு, ஊறுகாய், உடனடி மீ ஆகியவற்றை அளவோடு உண்ணுங்கள். தாத்தா, பாட்டி, பெற்றோர் ஆகியோரை மருந்தகத்தில் இரத்த அழுத்தத்தைச் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நோயை முன்னரே அறிவது குடும்பத்தையே காக்கும்.