அருவிக்கு மேலே பெய்யும் மழை

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். திடீர் வெள்ளம் என்றார்கள். கீழே நின்றவர்களுக்குத்தான் அது திடீர். மேலே, மலையில், மழை ஏற்கெனவே பெய்திருந்தது. ஆகவே குற்றாலத்தில் உயிரைக் காக்கும் எச்சரிக்கை, அருவிக்கரையில் அல்ல, மலைமேல்தான் தொடங்க வேண்டும்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்றோடு வரும் சாரல் பூந்தூறலாக நாள் முழுக்க நனைக்கும். காட்டு மண் அதைக் குடித்து மெல்லக் கசியவிடும். கோடை இடிமழையும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அப்படியல்ல. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தாலே 1 கோடி லிட்டர் தண்ணீர். 5 சென்டிமீட்டர் கொட்டினால் 5 கோடி. செங்குத்தான பாறைச் சரிவில் மண் கனம் குறைவு. அது ஊறி நிறைந்ததும் மிச்சமெல்லாம் ஓடைகளில் இறங்கி ஒரே வாய்க்கு வந்து சேர்கிறது. நீரின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவு நீர்கூட ஆளைச் சாய்ப்பது இதனால்தான். கல்லும் மரக்கட்டையும் கூட வந்தால் கம்பித் தடுப்புகளும் நிற்பதில்லை.

தண்ணீர் செம்மண் நிறமாகி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் கரையேற வேண்டும் என்பது உள்ளூர்க்காரர்களின் அறிவு. அது உண்மையான அறிகுறிதான். ஆனால் கலங்கல் வரும்போது வெள்ளமும் பின்னாலேயே வந்துவிடுகிறது. கூட்டத்தில் குழந்தையோடு நிற்பவருக்கு அந்தச் சில நிமிடம் போதாது. குற்றாலத்தின் மெயினருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் விழுந்ததும் குளிக்கத் தடை விதிக்கிறார்களே என்றால், வளைவைத் தாண்டுவதே வெள்ளம்தான். வானிலை எச்சரிக்கை இருக்கிறதே எனலாம். அது பொதுவாக மாவட்டம் முழுமைக்கும் சேர்த்துத் தரப்படுவது. ஒரே மாவட்டத்தில் இருந்தாலும் சங்கரன்கோவில் கரிசல் காட்டுக்கும் குற்றால மலைக்கும் மழை ஒன்றல்ல.

தடை கூடினால் பிழைப்பு போகும் என்ற வியாபாரிகளின் கவலையைத் தள்ளிவிட முடியாது. ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்பவருக்குச் சீசன் சில மாதங்கள்தான். ஆனால் மேலே என்ன பெய்கிறது என்று தெரியாதபோதுதான் அச்சத்தில் நாள் கணக்கில் மூட வேண்டியிருக்கிறது. மலையோடைகளில் மழைமானியும் நீர்மட்டக் கருவியும் இருந்து, அவை கீழே உள்ள அபாயச் சங்கோடு இணைந்திருந்தால், தேவையான நேரத்துக்கு மட்டும் மூடி, நீர் வடிந்ததும் திறக்கலாம். வெள்ளம் இறங்கி வரும் அந்தக் கொஞ்ச நேரத்தை மலை நமக்குத் தருகிறது. அதை வீணாக்காமல் கரையிலிருப்பவர் காதில் சேர்ப்பது நம் கடமை.