தலைக் காயமும் நஷ்டஈடும்

மோட்டார் விபத்தில் காலிழந்தவனுடைய நஷ்டத்தை ஊரார் கண்ணால் காண்கின்றனர்; கோர்ட்டாரும் காண்கின்றனர். தலையில் அடிபட்டு மூளை பழுதுபட்டவனுடைய நஷ்டமோ அவ்வாறு வெளிக்குத் தெரிவதில்லை. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வீடு திரும்புகிறான். தையல் ஆறிவிடுகிறது, தலைமயிர் வளர்ந்து தழும்பையும் மறைத்துவிடுகிறது. பிழைத்தது தெய்வாதீனம் என்று பந்துக்கள் விடைபெற்றுச் செல்கின்றனர். சில மாதங்கள் சென்ற பின்னரே வீட்டிலுள்ளோர் உண்மையை உணர்கின்றனர். காலையில் சொன்னது மாலையில் நினைவில் இல்லை. கடைக் கணக்கு தப்புகிறது. அற்ப விஷயத்துக்கெல்லாம் கோபம் பொங்குகிறது. பத்து வருஷமாகச் செய்து வந்த வேலை கை நழுவிப் போகிறது. அதற்குள் யாரோ தரகர் ஒருவர் வந்து, சொற்பத் தொகைக்கு ராஜிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருப்பார். இந்த அநீதியைக் குறித்தே இன்று நாம் எழுத முற்படுகிறோம்.

நஷ்டஈடு என்பது தர்மம் அன்று என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், பிறருக்கு நேரும் தீங்குக்காக இன்ஷ்யூரன்ஸ் செய்யாமல் பொது ரஸ்தாவில் வாகனம் ஓட்டலாகாது என்று விதிக்கிறது. பிரீமியம் வாங்கிக்கொண்ட கம்பெனி பணம் கொடுப்பது, தான் ஏற்றுக்கொண்ட கடனைத் தீர்ப்பதேயாகும். எவ்வளவு கொடுப்பது என்பதற்கு, "நியாயமான" தொகை என்பதே அச்சட்டம் டிரிப்யூனலுக்குக் காட்டும் அளவுகோல். அன்றியும், கிரிமினல் வழக்கில் வேண்டப்படும் சந்தேகத்துக்கு இடமில்லாத ருஜு இங்கே வேண்டியதில்லை. நடந்திருப்பதற்கே அதிக சம்பவம் உண்டு என்று காட்டினால் போதும்.

ஆயினும், நியாயமான தொகையைக் கணக்கிடும் இடத்திலேதான் மூளைக் காயம் பட்டவன் மோசம் போகிறான். டாக்டர் சர்ட்டிபிகேட்டில் 30 சதவிகித ஊனம் என்று இருந்தால், வருமான நஷ்டமும் 30 சதவிகிதமே என்று கண்ணை மூடிக்கொண்டு கணக்கிடும் வழக்கம் இருந்து வந்தது. இது பிழை என்று 2010 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகத் தீர்ப்புக் கூறியது. இடது கை போன டிரைவருக்கோ தச்சனுக்கோ பிழைப்பு ஏறக்குறைய முழுவதுமே போய்விடுகிறது. அதே கை போன சர்க்கார் குமாஸ்தா தம் உத்தியோகத்தில் நீடிக்கலாம். ஆகையால், உடலில் எத்தனை பங்கு போயிற்று என்பதோடு நில்லாமல், அம்மனிதன் இனி என்ன தொழில் செய்ய முடியும் என்பதையும் விசாரிக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். இதையே மூளைக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்கிறோம். கணக்கப்பிள்ளைக்கு ஞாபகம் போனால் கையும் காலும் இருந்து என்ன பயன்? பஸ் டிரைவருக்குக் கவனம் சிதறினால் அவரிடம் யார் வண்டியை ஒப்புவிப்பார்கள்?

2020 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்த வியாஜ்யம் ஒன்று இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. 2007-இல் பெற்றோருடன் டிராக்டரில் சென்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு, லாரி மோதியதால் மூளை பெரிதும் சேதமுற்றது. அவள் அறிவு கைக்குழந்தையின் அறிவுக்கு மேற்படாது என்று வைத்திய சாட்சியம் கூறியது. டிரிப்யூனல் அளித்தது சுமார் 11 லட்சம் ரூபாய். பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட்டு அதைச் சுமார் 25 லட்சத்து 78 ஆயிரமாக உயர்த்தியது. சுப்ரீம் கோர்ட்டோ வட்டியுடன் 62 லட்சத்து 27 ஆயிரம் அளித்தது. படிக்கும் குழந்தைக்கு வருமானம் ஏது என்று தள்ளிவிடாமல், தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை ஆதாரமாகக் கொண்டது. அவளைப் பராமரிக்க இரண்டு பேர் வேண்டும் என்று கொண்டு, மாதம் 10,000 ரூபாய் வீதம் 18 வருஷக் கணக்கில் 21 லட்சத்து 60 ஆயிரம் விதித்தது.

இந்தக் கடைசித் தொகையை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவள் தாய் அல்லது மனைவி. அவளுக்குச் சம்பளம் இல்லை என்பதால் அவள் உழைப்புக்கு விலையே இல்லை என்று வாதிப்பது தகாது. அவள் இரவில் கண்விழிப்பதும், கூலி வேலையை விட்டு வீட்டில் தங்குவதும் அவ்விபத்தின் விளைவே அல்லவா? மனுவில் இதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இனிக் குடும்பத்தார் செய்யத்தக்கவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். மனுவை விரைவில் தாக்கல் செய்க, ராஜிக்கு அவசரப்படாதீர். மனுவுக்கு 1994-இல் நீக்கப்பட்ட கால வரம்பு, 2019-ஆம் வருஷத் திருத்தத்தால் ஆறு மாதம் என்று திரும்பி, 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. காலங்கடந்தது என்று மனுக்களைத் தள்ளலாகாது என 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால உத்தரவு இட்டதுண்டு. எனினும் அதை நம்பித் தாமதிப்பது விவேகமன்று. மூளை தேறுவது மாதக்கணக்கில் நடப்பதாதலால், எஞ்சி நிற்கும் குறை இன்னதென்று தெரிந்த பின்பே தொகை பேச வேண்டும். லோக் அதாலத்தில் ராஜியானால் அப்பீல் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

முதல் நாள் ஆஸ்பத்திரிக் குறிப்பில் நினைவு நிலையை 3 முதல் 15 வரையிலான கிளாஸ்கோ அளவையில் எழுதியிருப்பார்கள். அதன் நகலை வாங்கி வைத்தல் அவசியம். ஸ்கேன் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே காயம் இல்லை என்று ஆகிவிடாது. மூளை நரம்பிழைகள் அறுந்தது படத்தில் புலப்படாமலும் போகலாம். ஞாபகம், கவனம், நிதானம் ஆகியவற்றை அளக்கும் மனோதத்துவப் பரீட்சை வேண்டுமென்று கேட்க வேண்டும். உடன் வேலை செய்தவர், முதலாளி, அண்டை வீட்டார் ஆகியோரின் சாட்சியமும், வீட்டில் தினந்தோறும் எழுதிவைத்த குறிப்பும் பெரும் பலம் தரும். விபத்து நடந்த ஊரில் மட்டுமன்றி, மனுதாரர் வசிக்கும் ஊரிலும் மனுச் செய்யலாம். பெண்கள், குழந்தைகள், ஊனமுற்றோர், தாழ்த்தப்பட்ட வகுப்பார், பழங்குடியினர் ஆகியோருக்கு இலவச வக்கீல் உதவி 1987-ஆம் வருஷச் சட்டப்படி உரிமையாகும்.

சர்க்காருக்கும் கடமை உண்டு. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸார் டிரிப்யூனலுக்கு முதல் அறிக்கையும், 90 நாட்களுக்குள் விவர அறிக்கையும் அனுப்ப வேண்டும் என்ற விதி, ஏட்டளவில் நின்றுவிடலாகாது. மூளைச் சேதத்தை அளக்கும் நிபுணர்கள் ஜில்லா தலைமை ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். ஏழைக் குடியானவன் ஒரு பரீட்சைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அலைவதென்றால், உரிமை இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

தேச சேவையில் ஈடுபட்ட நண்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. உங்கள் ஊரில் தலையில் அடிபட்டுப் பிழைத்தவர் எவரேனும் இருப்பின், அவர் வீட்டுக்கு ஒருமுறை செல்லுங்கள். "எப்படி இருக்கிறார்?" என்று அவருடைய மனைவியையும் தாயையும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வாங்கி, ஜில்லா சட்ட உதவிக் காரியாலயத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தன் நஷ்டத்தைத் தானே எடுத்துரைக்கும் சக்தியை இழந்தவனுக்காகப் பேச வேண்டியது அண்டை அயலாரின் கடமை.