மருந்து முடிந்தும் மாறாத நோய்

வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் எனச் சிகிச்சை பெற்றுக் குணமான பெண், சில மாதங்களில் அதே தொல்லையோடு திரும்பி வருகிறார். மருந்து வலுவற்றது என்று குடும்பத்தார் எண்ணுவர். பால்வினைத் தொற்றாக இருப்பின், கணவரும் சிகிச்சை பெறாதவரை அது மீண்டும் தொற்றக்கூடும். சிகிச்சை முடியும்வரை உறவைத் தவிர்க்குமாறு மருத்துவர் கூறுகிறார். அதை வீட்டில் சொன்னால் அடி விழும் என்றால், அப்பெண் எப்படிச் சொல்வார்?

1986-ல் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். பின்னாளில் அவர் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர், கணவரையன்றி வேறு உறவறியாத இல்லத்தரசிகள். 2008-ல் வெளியான ஆய்வொன்று 28,000-க்கும் மேற்பட்ட இந்திய மணமான பெண்களின் தரவுகளை ஆராய்ந்தது. கணவரால் உடல் வன்முறை, பாலியல் வன்முறை இரண்டுக்கும் ஆளானவர்களுக்கு எச்.ஐ.வி. இருக்கும் வாய்ப்பு, வன்முறைக்கு ஆளாகாதவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. அடியே தொற்றைத் தருவதில்லை. வற்புறுத்தலில் உண்டாகும் காயமும், ஆணுறை கேட்க இயலாத அச்சமும், அடிக்கும் ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படும் வெளியுறவும் அதற்கு வழி திறக்கின்றன.

ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆலைகளை நம்பி வெளியூரிலிருந்து வந்து, செம்பரம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் ஒற்றை அறையில் குடியிருக்கும் பெண்ணுக்கு ஓடிப்போய்ச் சொல்லத் தாய்வீடும் அருகில் இல்லை. மருத்துவமனைக்குக் கணவரே உடன் வருகிறார். பரிசோதனை முடிவும் பல வேளைகளில் அவர் கைப்பேசிக்கே செல்கிறது.

ஆகவே, மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். உடன் வந்தோர் சற்று வெளியே காத்திருப்பதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம். முடிவை எந்த எண்ணுக்கு அனுப்பலாம் என்பதையும் முன்னரே தெரிவித்துவிடுங்கள். பலர் அறியாத செய்தி ஒன்று: 2018 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டத்தின்படி, தெரிவித்தால் பெண்ணுக்கு வன்முறை நேரும் என்று அஞ்சக் காரணம் இருப்பின், அவரது தொற்றைப் பற்றி மருத்துவர் கணவருக்குத் தெரிவிக்கக் கூடாது.

விருப்பத்துக்கு மாறாக உறவு நேர்ந்திருந்தால் இயன்றவரை விரைவாக வாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கணவர் இழைக்கும் பாலியல் கொடுமையும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் அடங்கும்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். எச்.ஐ.வி. குறித்த ஐயங்களுக்கு 1097, வன்முறைக்கு எதிரான உதவிக்கு 181. கைப்பேசியைப் பிறர் பார்ப்பதுண்டு எனில், பேசி முடித்ததும் அந்த அழைப்பை அழித்துவிடுங்கள்.