57 கிரவுண்டு, 28 ரூபாய் 8 அணா

சென்னைக்கு ஒரு நகர மண்டபம் வேண்டும் என்று 1882-இல் ஊர்ப் பிரமுகர்கள் கூடிப் பேசினார்கள். நகராட்சி பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்து 57 கிரவுண்டு நிலத்தை 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. வாடகை கிரவுண்டுக்கு 8 அணா. பெருக்கினால் ஆண்டுக்கு 28 ரூபாய் 8 அணா. 99 வருஷத்துக்கும் சேர்த்தே 2,821 ரூபாய் 8 அணா. கிரவுண்டுக்கு 2,400 சதுர அடி என்றால் மொத்தம் 1,36,800 சதுர அடி, அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று மேல். அதுவும் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். வரைபடம் ராபர்ட் சிஷோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். பணம் பொதுமக்கள் நன்கொடை. அரசியின் பொன்விழாவை ஒட்டி விக்டோரியா பப்ளிக் ஹால் என்று பெயர் வைத்தார்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது இங்கேதான்.

அந்த மண்டபத்தைப் பழையபடி மீட்டெடுக்க நம் காலத்தில் மாநகராட்சி ஒதுக்கிய தொகை 32 கோடியே 62 லட்சம் ரூபாய்.

இந்த எண்ணைக் கேட்டதும் வாயைப் பிளப்பவர்களுக்காக இன்னும் மூன்று எண்கள். 1879-இல் முடிந்த செனட் ஹவுஸுக்கு ஆன செலவு 2,89,000 ரூபாய். 1892-இல் முடிந்த உயர் நீதிமன்றத்துக்கு 12,98,163 ரூபாய். 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகைக்கு 7,50,000 ரூபாய். அதில் ஐந்தரை லட்சம் கட்டுமானக்காரர் லோகநாத முதலியாருக்குப் போனது. மூன்றும் சேர்ந்து சுமார் 23 லட்சத்து 37 ஆயிரம். ஒரே ஒரு மண்டபத்தின் பழுதுபார்ப்பு இதைப்போல ஏறத்தாழ 140 மடங்கு!

மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இது ஏமாற்றுக் கணக்கு. அன்றைய ரூபாயையும் இன்றைய ரூபாயையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அன்றைக்கும் திட்டச் செலவு எகிறத்தான் செய்தது: உயர் நீதிமன்றத்துக்கு அனுமதித்தது 9,45,000, முடிந்தபோது 3,53,163 ரூபாய் கூடுதல், நூற்றுக்கு 37. இத்தனைக்கும் இரும்பு உத்தரங்களும் சில அலங்கார ஓடுகளும் போக, மற்ற சாமான் பெரும்பாலும் உள்ளூர்ச் சரக்கு.

சதுர அடிக் கணக்கு இன்னும் நேர்மையானது. விக்டோரியா ஹாலின் இரண்டு தளமும் சேர்ந்து சுமார் 26,000 சதுர அடி. 32.62 கோடியை வகுத்தால் சதுர அடிக்கு 12,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இதில் வளாகச் சீரமைப்பு, மின்வேலை எல்லாம் அடக்கம் என்றாலும், சென்னையில் சாதாரண வீடு கட்டும் கூலி, சாமான் செலவைப்போலச் சில மடங்கு. ஏன்?

பழைய மேல்தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் சொல்வதைக் கொத்தனார்கள் கட்டைக்குத்து என்பார்கள். தேக்குக் கட்டைகளின் மேல் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள சன்னச் செங்கலைக் குத்தவைத்து, கோணல் வாக்கில், சுண்ணாம்புக் கலவையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கலவைச் சந்தையும் சேர்த்தால் 100 சதுர அடிக்குச் சுமார் 1,800 கல். அதன்மேல் 3 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும்: 100 சதுர அடிக்கு 25 கன அடி. இதுவரை சாமான் கணக்கு. இனிமேல்தான் நாள் கணக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் தளத்தை அடிக்க வேண்டும். அடித்த கட்டை எகிறித் திரும்பும்வரை, குறைந்தது ஒரு வாரம். கான்கிரீட் ஒரே நாளில் ஊற்றிவிட்டுப் போகும் வேலையில்லை இது. சன்னச் செங்கல் கடையில் அடுக்கி வைத்திருக்கும் சரக்கில்லை; தனியாகச் சொல்லிச் சுட வேண்டும். கை பழகிய ஆட்களோ அதைவிட அரிது.

இன்னொரு செலவும் இந்தத் தொகைக்குள் ஒளிந்திருக்கிறது: முன்பு செய்த மராமத்தைப் பிரித்தெடுக்கும் செலவு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொடிந்து உதிரும். மலிவாக முடித்ததாகக் கணக்கெழுதிய வேலையை அடுத்த தலைமுறை கொத்தி எடுக்கிறது.

மிகச் சின்னச் செலவினத்தையும் சொல்லிவிடுகிறேன். கைப்பிடிச் சுவரில் காக்கை போட்ட விதையில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க ஒரு ஆளுக்கு அரை நாள் போதும். பத்து வருஷம் விட்டால் வேரோடு சுவரும் வரும்.

எதையெல்லாம் காப்பது என்ற பட்டியலின் கதை தனி. சென்னையில் பேசப்படும் எண் 467. இத்தனை கட்டடங்களைப் பட்டியலிட்ட நீதிபதி பத்மநாபன் குழு அமைந்தது பாரம்பரியத்துக்காக அல்ல, விளம்பரப் பலகைகளுக்காக! எந்தெந்தப் பழைய கட்டடத்தைப் பலகைகள் மறைக்கின்றன என்று எண்ணப்போய்க் கிடைத்த பட்டியல் அது. அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியக் காப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் போனது. 2010-இல் உயர் நீதிமன்றம் இடிப்பைத் தடுத்தது. இந்த 467-க்கும் பாதுகாப்பு வந்தது. ஆனால் தீர்ப்பு கூரை வேய்ந்து தராது. பத்தாண்டு கழித்தும் அந்தக் கட்டடம் பாழடைந்தே நின்றது. மாநிலத்துக்கான பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது; அது நடைமுறைக்கு வரவும் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது.

கட்டடத்தை விட்டு, தாளில் காத்ததன் கணக்கு வேறு மாதிரி. எஸ். முத்தையாவின் சென்னை வரலாற்று நூல் 1981-இல் வந்தது. ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழ் 1991-இல். 1639 ஆகஸ்ட் 22-ஐ வைத்து மெட்ராஸ் தினம் கொண்டாடுவது 2004 முதல். கோட்டையூரில் ரோஜா முத்தையா 1950 முதல் சேர்த்தவை ஏறத்தாழ ஒரு லட்சம். புத்தகத்தோடு நாடக நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் உண்டு. அவர் மறைந்த பிறகு 1994-இல் அந்தச் சேகரிப்பை விலைகொடுத்து வாங்கிக் காத்தது சிகாகோ பல்கலைக்கழகம். நல்லவேளையாக அது ஒரு நூலகமாகச் சென்னையிலேயே இருக்கிறது. ஒரு மண்டபத்தில் என்ன நாடகம் நடந்தது என்று சொல்ல அந்த மண்டபத்தால் முடியாது. எப்போதோ ஒருவர் எடுத்துவைத்த நோட்டீசால்தான் முடியும்.

மீண்டும் மண்டபத்துக்கே வருகிறேன். மீட்பில் போட்ட முதலில் நூற்றுக்கு ஒன்று ஆண்டுப் பராமரிப்புக்கு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 32 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய். மாதத்துக்கு 2,71,833. நாளுக்கு 8,937. கூரை ஓடு மாற்ற, மழைநீர்க் குழாய் அடைப்பெடுக்க, சுண்ணாம்பு பூச, அரசங்கன்று பிடுங்க, காவலுக்கு ஆள் வைக்க இது தாராளமாக இருக்காது, ஆனால் சமாளிக்கலாம். கூட்ட வாடகையில் ஒரு பகுதி திரும்பி வரும். மீதிக்கு மாநகராட்சி பட்ஜெட்டில், ‘இதர செலவு’க்குள் கரைந்துபோகாமல், மண்டபத்தின் பெயரிலேயே ஒரு தலைப்பு போட வேண்டும்.